கேமரா அக்கா பக்கம் திரும்பிய பாட்டுகள்

எங்கள் அடுக்குமாடியில் பாட்டுப் போட்டி பார்க்காத வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படியேறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அதே பாட்டு கேட்கும். மறுநாள் காலையில் குப்பை கொட்ட வருகிறவர், மோட்டார் போட வருகிறவர், செருப்பைத் தேடுகிறவர் எல்லோரும் நடுவர்கள்தான். யார் பிரமாதமாகப் பாடினார், யாருக்கு அநியாயம் நடந்தது என்று படிக்கட்டிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அந்தச் சபையில் எங்கள் அக்காவுக்கு மட்டும் இடமில்லை. அவள் ரசனை அப்படி.

இந்த சீசனில் ஒரு கல்லூரிப் பெண் பாடிய பாட்டுக்கு நடுவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அதைப் பற்றி அக்காவிடம் கேட்டால், "ம், நல்லாத்தான் பாடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள். அதே வாரம் ஒரு பல் டாக்டர் படகுப் பாட்டு ஒன்று பாடினார். படகு சுருதியை விட்டு விலகி எங்கேயோ போய்த் தரை தட்டியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "இந்த சீசன்லயே அந்த மாதிரி ஒரு பாட்டு வரல" என்று அவள் சொன்னபோது இரண்டாவது மாடிப் பாட்டு டீச்சருக்கு மயக்கமே வந்துவிட்டது.

"எந்தச் சுருதியில பாடுறார்னு அவருக்கே தெரியலைங்க. உங்களுக்கு எப்படிங்க பிடிச்சுது?"

"பிடிச்சுது" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அவர்கள் கீழ் வீடு, நாங்கள் அதற்கு நேர் மேல் வீடு. நான் கரண்டியைத் தவறவிட்டால்கூட அவளுக்குக் கேட்கும். அதனால் என் வீட்டுச் சண்டையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. இதே நானாக இருந்தால் மறுநாளே போய் நியாயம் பேசியிருப்பேன். எனக்கு வாய் அதிகம், அவளுக்குப் பொறுமை அதிகம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. துணியின் கீழ் விளிம்பை மடித்து, உள்ளே சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் திரை காற்றில் பறக்காமல் நேராக விழும். அப்படி அந்த டிவி ஸ்டூடியோவுக்குத் தைத்துக் கொடுத்த மேடைத் திரை தரையில் புரண்டது என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கா மேடை ஓரத்தில் உட்கார்ந்து விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒத்திகை பார்த்தார்களாம். இவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டாள். பார்வையாளர்களைத் திரட்டி உட்கார வைக்கும் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஷூட்டிங் அன்னைக்கு வந்து உக்காருறீங்களா? இந்த மூஞ்சிதான் எங்களுக்கு வேணும்" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் கைத்தட்டல். அக்கா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் முன்வரிசையில், நடைபாதை ஓரத்தில் இடம்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு அங்கே நடக்கும் கூத்து தெரியாது. கட்டம் போட்ட துணி உடுத்திக்கொண்டு போனால், கேமராவில் மினுமினுக்கிறது என்று கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒருவரும் பாட வருவதற்கு முன்பே, காலி மேடையைப் பார்த்து நாங்கள் கைதட்ட வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும், அசந்துபோக வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டில் எங்கே தேவையோ அங்கே ஒட்டிவிடுவார்கள். ஒரு தடவை நான் விட்ட கொட்டாவி, உச்ச ஸ்தாயியைக் கேட்டு நான் சொக்கிப்போனதாக ஒளிபரப்பானது. அடுக்குமாடியே என் இசை ஞானத்தை மெச்சியது.

இதை வீட்டில் வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியவர் என்றால் அக்காவின் கணவர். கடைகளில் இருக்கும் தராசுகளைப் பழுது பார்த்துச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். கடைத்தெருவில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். பேச்சில் ஒரு குண்டுமணி கூடாது, குறையாது. நன்றாக இருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால்கூட, யோசித்துப் பார்த்துவிட்டு, "முட்டி வலிக்குது, மத்தபடி நல்லா இருக்கேன்" என்பார்.

"அழாத பாட்டுக்கு அழுத மாதிரி காட்டுறதா? இது கலப்படம்" என்றார் அவர். அதோடு சரி. நிகழ்ச்சி ஓடும்போது உள்ளறையில் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவருக்குப் பொய் ஆகாது. அதுதான் அந்த வீட்டின் பெருமை, அந்த வீட்டின் தலைவலியும் அதுதான். அவர்களுக்கு ஒரே மகள். வேலை விஷயமாகப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியூர் போனவள், கூட வேலை செய்யும் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டுப் போன் செய்தாள். பையன் தங்கமான பையன். நேராகக் கேட்டிருந்தாலே பெரியவர் சம்மதித்திருப்பார். ஆனால் அந்த வயதில் பயம் முந்திக்கொள்கிறது. நான் அவருக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "பயிற்சின்னு சொன்னா. நான்தான் பையைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டேன். ஜன்னல் சீட்டு வேணும்னு கண்டக்டர்கிட்ட கெஞ்சி வாங்கிக் குடுத்தேன். அந்தப் பொய்க்கு நானும் சுமை தூக்கியிருக்கேன்."

அவர் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை, அப்பாவை உரித்து வைத்தவள். "அப்பா பேசுற வரைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போன் பண்ண மாட்டேன் சித்தி. அம்மாவ ஒளிஞ்சு பேச வெச்சு, அவளையும் பொய் சொல்ல வைக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அக்கா கூப்பிட்டாலும், "அப்பாகிட்ட சொல்லிட்டுக் கூப்பிடும்மா" என்று வைத்துவிடுவாள். ஆக, ஒரு பொய்யைச் சரிக்கட்ட அப்பாவும் பெண்ணும் போட்டி போட்டுக்கொண்டு உண்மையைக் காப்பாற்றினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு வதைபட்டவள் அக்கா.

என்னோடு மட்டும் அந்தப் பெண் பேசுவாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிகழ்ச்சி முடிந்த கையோடு எனக்குச் செய்தி வரும். 'அம்மா இளைச்சிட்டாளா?' என்று ஒரு வாரம். 'அம்மா கண்ணாடிய மாத்திட்டாளா? பழசுதான் நல்லா இருந்துது' என்று இன்னொரு வாரம். பல் டாக்டர் பாடிய வாரம் வந்த செய்தி இது: 'படகுப் பாட்டுல அம்மா சிரிச்சா. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் சித்தி.' அதை அக்காவிடம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, வெகு நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில்தான் படிக்கட்டில் நின்றுகொண்டு, இந்த சீசனிலேயே அந்த மாதிரி ஒரு பாட்டு வரவில்லை என்று சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்குப் பிடித்த பாட்டு எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பல் டாக்டரின் படகு, ஒரு தபால்காரர் தொண்டை கட்டிப் பாடிய தாலாட்டு, சுருதி சேராமல் இரட்டையர்கள் பாடிய மழைப் பாட்டு. எல்லாவற்றிலும் கேமரா ஒரு நொடி அக்கா பக்கம் திரும்பியிருக்கிறது. கல்லூரிப் பெண்ணின் பாட்டில் திரும்பவில்லை. அவ்வளவுதான் அவளுடைய ரசனை. ஷூட்டிங்குக்குக் கிளம்பும்போது, "கன்னம் ஒட்டின மாதிரி தெரியுதா பாரு. அவ கவலைப்படுவா" என்று என்னிடம் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். நான் இதுநாள்வரை அதை அலங்காரப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பெரியவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அரையிறுதி நெருங்கியது. கைத்தட்டல் போன் செய்தாள். "அக்கா, இந்தத் தடவை குடும்ப வாரம். முன்னாடி உக்காருறவங்க எல்லாம் ஜோடியா வரணும்னு மேல சொல்லிட்டாங்க. சாரைக் கூட்டிட்டு வந்துடுங்க. தனியா வந்தா கடைசி வரிசைதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசி வரிசைக்குக் கேமரா வராது. இறுதிச் சுற்றோ வெளி மைதானத்தில், எங்களுக்கு வேலையில்லை. அடுத்த சீசனில் கூப்பிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்க மிச்சமிருந்தது இந்த ஒரு வாரம்தான். என் கணவர் கேட்டவுடனே தயார். அன்று சாயங்காலமே தலைக்கு மை பூசிக்கொண்டு வந்து நின்றார். அக்கா மட்டும் பெரியவரிடம் வாயே திறக்கவில்லை. "அவருக்குப் பிடிக்காததச் செய்யச் சொல்லி எப்படிக் கேக்குறது? விடு, இந்தத் தடவ நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவளுக்குப் பொறுமை இருக்கலாம், எனக்கு இல்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். பெரியவர் ஒரு தராசுத் தட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒண்ணு சொல்றேன். கோபப்பட்டாலும் பரவாயில்ல."

"சொல்லும்மா."

"அக்கா எதுக்கு அந்த ஸ்டூடியோவுக்குப் போறான்னு நினைக்கிறீங்க?"

"பாட்டுக் கேக்க."

"உங்க பொண்ணு கண்ணுல படுறதுக்கு" என்றேன். "அவ அம்மா மூஞ்சி டிவியில ஒரு நொடி வரும். அதுக்காக அவ அங்க முழு நிகழ்ச்சியும் உக்காந்து பாக்குறா. அதுக்காக இவ இங்க பவுடர் போட்டுக்கிட்டுப் போறா. நீங்க கூட வரலன்னா அதுவும் போச்சு. உங்க உண்மைய நீங்களே வெச்சுக்கோங்க அத்தான், இவங்க ரெண்டு பேரையும் ஏன் இப்படிப் பட்டினி போடுறீங்க?"

வீட்டுப் பெரிய மனிதரிடம் இப்படிப் பேசியதற்கு என் மாமியார் இருந்திருந்தால் என்னைக் கொன்றே போட்டிருப்பார். பெரியவர் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அவ பாக்குறாளா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் விட்டதில்ல."

தட்டைக் கீழே வைத்தார். "என்ன சட்டை போடணும்?"

அவரிடம் இருந்த அத்தனை சட்டையும் கட்டம் போட்டது. கடைசியில் என் கணவருடைய நீலச் சட்டையைக் கொடுத்தோம். தம்பி ஒல்லி, அண்ணன் அப்படியில்லை. பித்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன. "மூச்சை ரொம்ப இழுத்து விடாதீங்கண்ணா" என்று என் கணவர் எச்சரித்தார். அக்கா பவுடரை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் நான் பயந்தபடியே நடந்தது. காலி மேடைக்குக் கைதட்டச் சொன்னபோது பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், தட்டுங்க சார்" என்று கெஞ்சினாள் கைத்தட்டல்.

"இன்னும் யாரும் பாடலையேம்மா."

"சும்மா ரியாக்‌ஷனுக்கு சார்."

"பாடட்டும். நல்லா இருந்தா நானே தட்டுறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

எப்படியோ தப்பித்து அரையிறுதிவரை வந்துவிட்ட பல் டாக்டர் அன்று ஒரு துள்ளல் பாட்டு பாடினார். துள்ளல் பாட்டென்றால் மேடையில் புகை விடுவார்கள். புகை விடும் இயந்திரம் அன்று எங்கள் வரிசைக்கு நேராக இருந்தது. முதல் சரணத்தில் பொங்கி வந்த புகை மேடைக்குப் போகாமல் பெரியவர் முகத்துக்கு வந்தது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். இருமிய இருமலில் சட்டையின் மேல் பித்தான் தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் திணற, அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். எங்கள் தலைக்கு மேலே கேமரா ஒன்று மெல்ல நகர்ந்து போனது. நாங்கள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கடைசியாகக் கல்லூரிப் பெண் வந்தாள். மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு அப்பாவைப் பற்றிய பாட்டு. பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடிவருகிறவர், அவளுக்குத் தெரியாமல் கையை விட்டுவிடுகிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போகிறாள். அரங்கமே அழுதது. நான் அழுதேன், என் கணவர் அழுதார், கைத்தட்டல் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பெரியவர், பித்தான் போன இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாட்டு முடிந்ததும் கைதட்டினார். சொன்ன சொல் தவறாமல் தட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ள ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்த அப்பா அதுக்கப்புறம் என்ன பண்ணுவாரு?"

"வீட்டுக்குப் போவாரு" என்றார் என் கணவர். அவருக்கு எப்போது என்ன சொல்வது என்று தெரியாது.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கீழ் வீட்டில் கூடியிருந்தோம். பெரியவர் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, திருப்புளியும் கையுமாக அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் துள்ளினார். அக்கா வரவில்லை. இன்னும் இரண்டு பேர் பாடினார்கள். அக்கா வரவில்லை. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பெண் பாட ஆரம்பித்தாள். அப்பா சைக்கிளை விட்டுவிடும் அந்த வரி வந்தது.

திரை முழுக்கப் பெரியவர். கண்ணாடியில்லாத முகம், தாரை தாரையாகக் கண்ணீர், துடிக்கும் உதடு. பக்கத்தில் அக்கா முந்தானையால் அவர் கண்ணைத் துடைக்கிறாள். அதை மெதுவாக ஓடவிட்டு, வயலினும் சேர்த்திருந்தார்கள்.

"அது புகை!" என்று கத்தினார் பெரியவர். "அது அந்தப் பல் டாக்டர் பாட்டு! இந்தப் பாட்டுக்கு நான் அழவே இல்ல! என்ன அக்கிரமம் இது! நாளைக்கே போய்க் கேக்குறேன், ஊருக்கெல்லாம் பொய் சொல்றானுங்க!"

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அவ்வளவு நாளாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் போன் அடித்தது. எப்போதும் செய்திதான் வரும். அன்று மணியே அடித்தது.

எடுத்தேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "சித்தி... அப்பா இருக்காரா? அப்பாகிட்ட குடு சித்தி."

நான் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நீட்டினேன். யார் என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் சிரிப்பு நின்றது. திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியாது, நாங்களும் அணைக்கவில்லை.

"அப்பா" என்றது குரல். "அந்தப் பாட்டுக்கு அழுதீங்களாப்பா?"

புகை என்று சொல்லிவிடுவார். இந்த மனிதரை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சாப்பாடு நன்றாக இல்லை என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொன்னவர். ஒரு நொடியில் எல்லாம் போகப் போகிறது என்று நினைத்தேன். பெரியவர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றார் பெரியவர். "அந்தப் பாட்டுக்குத்தான்."

அந்தப் பக்கம் அழுகை உடைந்தது. பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் குரலும் சரியாக இல்லை. "அன்னைக்கு உன்ன பஸ் ஏத்திவிட்டுட்டு, பஸ் மூலை திரும்புற வரைக்கும் அங்கயேதான் நின்னேன். நீ திரும்பிப் பாக்கல. அழாத. அழாதம்மா. எப்ப வர்றீங்க ரெண்டு பேரும்?"

"எனக்குக் குடுங்க" என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நானும் பேசணும், குடுங்கன்னா."

"இரு, இரு" என்றார். போனை விடவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டி, அதே போனில் தன் காதையும் வைத்துக்கொண்டாள்.